பூசை போட்ட கார்

அப்புத்தளைக் கோயிலில் புதுக் காருக்குப் பூசை. ஐயர் தட்டோடு உள்ளே குனிந்து ஸ்டீயரிங்கில் குங்குமம் வைத்ததும் முத்துவேலு ஸ்டார்ட் பட்டனை அமுக்கினார். எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கார் தெமோதரைச் சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பியது.

கோயிலைத் தாண்டியதுமே காருக்குள் 'கீங் கீங்' என்று சத்தம்.

"பெல்ட்டப் போடுடி! கார் கத்துது பாரு."

"போட்டுத்தாங்க இருக்கேன். இது வேற எதுக்கோ கத்துது, நிப்பாட்டிப் பாருங்க," என்றாள் மனைவி கமலேஸ்வரி.

"கார் வாங்குனது நானா, நீயா? வாய மூடு!"

பண்டாரவளையில் பழம் வாங்க நிறுத்தினார். திரும்பி வந்து பட்டனை அமுக்கினால் கார் அசையவில்லை. விற்றவனைப் போனில் பிடித்தார்.

"ஓட்டக் காரத் தலையில கட்டிட்டியேடா!"

மனைவியையும் விடவில்லை. "எல்லாம் உன் வாய் முகூர்த்தம்!"

அப்போது கோயில் ஐயரிடமிருந்து போன் வந்தது.

"என்னங்க, பூசைத் தட்டுல வச்ச கார் சாவிய எடுக்காமலே போயிட்டீங்களே?"

குங்குமம் வைக்கக் காருக்குள் வந்த தட்டு, சாவியோடு வெளியே போயிருக்கிறது. சாவி பக்கத்தில் இருந்தால்தான் அந்தக் கார் ஸ்டார்ட் ஆகும்; ஸ்டார்ட் ஆனபின் சாவி இல்லாவிட்டால் கத்திக்கொண்டே ஓடும்.

கமலேஸ்வரி பழப்பையைத் தூக்கினாள்.

"காரும் கத்துச்சு, நானும் கத்துனேன். பஸ் வருது, நான் சம்பந்தி வீட்டுக்குப் போறேன். நீங்க இங்கயே நின்னு கத்திக்கிட்டு இருங்க!"