மீன் உரசும் கல்

பத்து மணிக்குள் நான்கு வாளி தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. கல்லில் மீன் கவிச்சி போகவில்லை.

சத்தியப்பிரியா முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். சேலையில் செதில் ஒட்டியது.

கோட்டைச்சாமி வலையபட்டியில் பழைய வீடு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துத் தங்கும் விடுதி நடத்துகிறார். போன வாரம் தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் பின்கட்டுக்கு வந்து, நட்சத்திரப் பள்ளங்கள் உள்ள இந்தக் கல்லை வளைத்து வளைத்துப் படம் எடுத்திருக்கிறார். அன்றிலிருந்து கல்லுக்கு மாலை போடாத குறை. தேவகோட்டைப் பள்ளிக்கூடத்தில் கல்லைப் பற்றிப் படித்த டீச்சர் இருப்பதாக யாரோ சொல்ல, அவளைக் காரில் கூட்டிவந்திருந்தார். பள்ளங்கள் பழங்கால உயிரின் உண்மையான தடம் என்றால் முகப்பில் வைத்துக் கண்ணாடி போடுவாராம்.

இந்த வீட்டுக்கு அவள் ஒருமுறை வந்திருக்கிறாள். ஆய்வு மாணவியாக இருந்தபோது ஒரு கல்யாணம். மறுநாள் கறிவிருந்து வரை இருந்தாள். பின்கட்டுப் பக்கம் வரவில்லை.

சமையல்காரி காளீஸ்வரி சுவரோரம் நின்றாள். கல்லை எடுத்துவிட்டால் மீனை எதில் உரசுவது என்பது அவள் கவலை.

"மத்த கல்லுன்னா வழுக்கும் டீச்சர். இது பள்ளத்துல பிடிச்சுக்கிரும். விரால்கூடத் துள்ளாது."

சத்தியப்பிரியா பிரஷ்ஷால் தேய்த்தாள். பள்ளத்திலிருந்து சாம்பலும் காய்ந்த ரத்தமும் வந்தன. ஒரு மீன் கண் வந்தது. முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டாள்.

நட்சத்திர மீன் மணலில் புதைந்து படுக்கும். எழுந்து போன பிறகு படுத்த குழி மட்டும் இருக்கும். அந்த மணல் கல்லானால் குழியும் கல்லாகும். உளியால் செதுக்கிய நட்சத்திரத்தின் கைகள் மழமழவென்று இருக்கும். உண்மையான தடத்தில் கைகளுக்குக் குறுக்கே மயிரிழைக் கோடுகள் இருக்கும். மீன் தன் சின்னக் கால்களால் மணலைத் தள்ளிய கோடுகள்.

இதையெல்லாம் கோட்டைச்சாமிக்குச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, உண்மைதானே என்று மட்டும் கேட்டார்.

உண்மை என்று சொல்ல அவளுக்குப் பயம். ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

ஆறு வருடங்களுக்கு முன் ஓர் ஓடைக்கரையில் இப்படி ஒரு பலகைக் கல்லை அவள் கண்டெடுத்தாள். ஆய்வு முழுவதையும் அதை வைத்தே எழுதினாள். கல் வேனில் வரும்போது உடைந்துவிட்டது என்று சொல்லி, ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர் துண்டுகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். வாய்மொழித் தேர்வில் கல் எங்கே என்று கேட்டார்கள். படத்தில் இருப்பது அவளே கீறியதுதான் என்று ஒருவர் சிரித்தார். பேராசிரியர் குனிந்து டீ குடித்தார்.

பட்டம் கிடைக்கவில்லை. பொய்க்காரி என்ற பெயர் கிடைத்தது.

சாக்கு இன்னும் அவள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இரண்டு கோடை விடுமுறைகளில் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தாள். நட்சத்திரத்தின் ஒரு கைகூடச் சேரவில்லை.

இந்தக் கல்லின் நடுவில் இருந்த நான்கு நட்சத்திரங்களும் தேய்ந்து வெறும் பள்ளங்களாகியிருந்தன. கோடு ஒன்றும் மிஞ்சவில்லை.

கல்லின் மூலையில் மீன் குடல் போடும் சட்டி இருந்தது. அது அந்த மூலையை விட்டு நகர்ந்ததே இல்லை என்றாள் காளீஸ்வரி. நகர்த்தச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்த்தினாள்.

அடியில் புழு நெளிந்தது.

சத்தியப்பிரியா அதையும் கையால் வழித்துக் கழுவினாள். சட்டி மறைத்திருந்த இடத்தில் மட்டும் கல் தேயவில்லை. ஐந்தாவது நட்சத்திரம் இருந்தது. கைகளுக்குக் குறுக்கே கோடுகள் இருந்தன. ஒரு கை மட்டும் இரண்டாகத் தெரிந்தது. படுத்த மீன் ஒருமுறை நகர்ந்து மறுபடி படுத்திருக்கிறது.

அந்த இரட்டைக் கையை அவளால் கண்ணை மூடிக்கொண்டு வரைய முடியும்.

அதன்மேல் வைத்த விரலை எடுக்காமல், கல் எப்படி வந்தது என்று கேட்டாள்.

ஒரு சார் கொடுத்தது என்றார் கோட்டைச்சாமி. அவர் மகள் கல்யாணத்துக்கு இந்த வீட்டைச் சும்மா விட்டுக்கொடுத்ததற்குப் பதிலாம். ரொம்பப் பழசு, தோட்டத்தில் போட்டுவையுங்கள் என்றாராம். அதைக் காளீஸ்வரி சமையலுக்கு இழுத்துக்கொண்டாள்.

காளீஸ்வரிக்கு அந்தக் கறிவிருந்து நினைவிருந்தது.

"அன்னைக்குத்தான் இதுல மொத மீன் உரசுனோம். வந்தவுகல்லாம் குழம்பைக் கேட்டுக் கேட்டு வாங்குனாக."

சத்தியப்பிரியாவும் கேட்டு வாங்கியிருந்தாள். இன்னும் ஊற்று என்று பக்கத்தில் நின்று சொன்னவர் பேராசிரியர்.

எழுந்து போய் வாழையடியில் வாந்தி எடுத்தாள். வாய் கொப்பளித்தாள். கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி முகர்ந்து பார்த்தாள். கவிச்சி அப்படியேதான் இருந்தது.

திரும்பி வந்தபோது கோட்டைச்சாமி, தடம் உண்மைதான் என்று முடிவுகட்டி, போனில் சிரித்துக்கொண்டிருந்தார். கல்லைக் கொடுத்த சாருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றார். டீச்சர் வாயாலேயே அவர் கேட்கட்டும் என்று போனை நீட்டினார்.

மறுமுனையில் அதே கனிந்த குரல், யாரம்மா பேசுவது என்றது.

"சத்தியப்பிரியா பேசுறேன் சார். கல்லு முழுசா இங்குட்டுத்தான் கிடக்கு. சாக்குல கட்டிக் குடுத்தீகளே, அது எந்தக் கல்லு?"