பகலில் தெரியாத சுடர்

"தீப்பிடிச்சப்போ அவர் கையில துடைப்பம் இருந்துச்சா, இல்லையா?"

விசாரணை அதிகாரி மூன்றாவது முறையாகக் கேட்டார்.

ஃபோர்மேன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி அவருடைய தங்கை கணவனைப் பற்றியது. முந்தாநாள் நடுப்பகலில், கொளுத்தும் வெயிலில், இரும்பாலையின் ஹைட்ரஜன் குழாய்ப் பாதையில் நடந்துபோன மச்சான் நின்ற இடத்திலேயே எரிந்தான். நேற்று விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான்.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். ஹைட்ரஜனோ எரிந்தாலும் புகையாது. மணக்காது. பகல் வெளிச்சத்தில் சுடர்கூடத் தெரியாது.

அதனால் குழாய்ப் பக்கம் போகிறவன் நீளக் காம்பு வைத்த துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டே போக வேண்டும். நுனி பற்றிக்கொண்டால் அங்கே தீ இருக்கிறது என்று அர்த்தம். ஆளுக்குப் பதில் ஈர்க்குச்சி எரியும்.

தீயைக் காட்டும் கருவி வரும் வரும் என்றார்கள். ஹைட்ரஜன் கரியைவிட மலிவானதும் இரும்பாலைகள் எல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு மாறின. கருவிதான் வந்தபாடில்லை.

ஹைட்ரஜன் மேல் ஃபோர்மேனுக்குக் கோபம் கிடையாது. முப்பது வருடம் கரி உலையில் வெந்தவர். அப்போதெல்லாம் துப்பினால் எச்சில் கறுப்பாக விழும். இப்போது வேலை முடிந்து வரும்போதும் சட்டை வெள்ளையாகவே இருக்கிறது. உலைக்குப் போகிறீர்களா, பெண் பார்க்கப் போகிறீர்களா என்று மச்சான் கிண்டலடிப்பான்.

அதிகாரி எழுதப்போகும் ஒற்றை வரியில்தான் எல்லாம் இருந்தது. கையில் துடைப்பம் இல்லையென்றால் செத்தவனே குற்றவாளி. அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவன் பெயரைச் சொல்லியே பாடம் நடத்துவார்கள். அவர் பெயரை மட்டும் கெடுக்க விட்டுவிடாதே அண்ணா என்று தங்கை காலையில்தான் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இல்ல," என்றார் ஃபோர்மேன்.

பொய் சொல்லவில்லை.

அதிகாரி நிம்மதியாக எழுதிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மச்சான் கொடுத்த வாக்குமூலத்திலும் இதுவேதான் இருக்கிறது என்று ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார்.

துடைப்பத்தை எடுக்க நான்தான் மறந்துவிட்டேன். என் மச்சான் ஃபோர்மேனுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அந்த இரண்டாவது வாக்கியம் அதிகாரியை உறுத்தவில்லை. யாரும் கேட்காத கேள்விக்கு அவன் ஏன் பதில் சொன்னான் என்று அவர் யோசிக்கவும் இல்லை.

ஃபோர்மேன் அந்த வரியை மறுபடி படித்தார். வெந்துபோன உதட்டை வைத்துக்கொண்டு இதைச் சொல்லி முடிக்க அவனுக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

முந்தாநாள் புகையில்லாத உலையைப் பார்க்க வெளியூர் விருந்தினர்கள் வருவதாக இருந்தது. நடைமேடை முழுக்க இரும்புத் தாதுத் தூள். பெருக்குகிற ஆள் வரவில்லை. குழாய்ப் பாதையில் இறங்கப்போன மச்சானை நிறுத்தி, அவன் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கியவர் ஃபோர்மேன். ஒரு நாள் இது இல்லாமல் போனால் குடிமுழுகிப் போய்விடாது என்று அதட்டி அனுப்பியவரும் அவர்தான். அவன் போன பிறகு தானே குனிந்து பெருக்கினார்.

தரை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று விருந்தினர்கள் வாய் நிறையப் பாராட்டிக்கொண்டிருந்தபோதுதான் அலறல் கேட்டது.

அதிகாரி பேனாவை நீட்டினார்.

ஃபோர்மேன் வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.