மூன்று கிலோ இருநூறு

“கழுத்துல கிடக்கிறதையெல்லாம் கழட்டிட்டு ஏறு” என்றார் புது நர்ஸ்.

எடை மிஷின் மேல் ஒரு காலை வைத்திருந்தேன். அதை அப்படியே கீழே எடுத்தேன்.

என் கழுத்தில் ஒன்பது பாசிமணி மாலைகள் கிடந்தன. ஒவ்வொன்றும் தட்டு அகலம். இரண்டுதான் என்னுடையவை. மற்றவை எங்கள் பட்டியில் வீடு வீடாக ஏறி இறங்கி இரவல் வாங்கியவை.

பழைய நர்ஸ் தங்கமானவர். எங்கள் மாசாய் இனத்துப் பெண்ணிடம் மணியைக் கழற்றச் சொன்னால் கோபித்துக்கொள்வாள் என்று யாரோ அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஆறாம் மாதம் நான்கு மாலையோடு ஏறினேன். ஏழாம் மாதம் ஆறு. இரண்டு தடவையும் எடை கூடியிருக்கிறது என்று அட்டையில் எழுதிவிட்டு என் கன்னத்தைத் தட்டினார்.

எடை கூடவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே வயிற்றைக் கிழித்துத்தான் எடுப்பார்கள் என்று எங்கள் பெண்களுக்கெல்லாம் தெரியும்.

எடை கூடினாலோ பிள்ளை பெரிதாகிவிடும். பிள்ளை பெரிதானால் தாய் பிழைக்க மாட்டாள். இதுவும் எங்கள் பெண்களுக்கெல்லாம் தெரியும்.

என் நாத்தனார் சிலாந்தோய் அப்படித்தான் தலைப்பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். நான் மருமகளாக வருவதற்கு முந்தின மழைக்காலம். பிரசவம் பார்த்தது அவளைப் பெற்றவளேதான், என் அத்தை. பிள்ளை ரொம்பப் பெரிசு, வெளியே வர வழியில்லை என்று இன்றைக்கும் சொல்வார்கள். நான் அவளைப் பார்த்ததில்லை. அவளைப் பற்றிக் கேட்காத நாளும் இல்லை.

அதனால் ஆறாம் மாதத்திலிருந்து கறியை நிறுத்தினேன். கெட்டிப் பாலை நிறுத்தினேன். காலையில் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றிய பால் ஒரு குவளை, பகலில் ஒரு வாய் சோளக்களி. ஆசையில் கொஞ்சம் கூடிவிட்டால் வேலிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வருவேன்.

சாயங்காலம் மட்டும் அத்தை ஒரு குடுக்கை மருந்து தருவாள். மரப்பட்டை போட்டுக் காய்ச்சியது. வயிற்றில் பிள்ளையைச் சுருக்குமாம். கசப்பு உச்சந்தலைக்கு ஏறும். மூக்கைப் பிடித்துக்கொண்டு சொட்டு விடாமல் குடிப்பேன். உயிருக்குப் பயந்தவள் மருந்தை வாந்தி எடுப்பாளா?

எனக்குப் பின்னால் வரிசையில் பத்துப் பேர். நர்ஸ் சொன்னது காதில் விழுந்ததும் ஆளாளுக்குத் தங்கள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்குத் திடீரென்று வெளியே ஒதுங்க வேண்டியிருந்தது.

நான் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நர்ஸ் அந்தக் குவியலை அள்ளிக் கைக்குழந்தைகளை நிறுக்கும் தராசில் போட்டார்.

“மூணு கிலோ இருநூறு. நல்ல ஆரோக்கியமான குழந்தை” என்றார். சிரிக்கவில்லை.

குட்டு உடைந்த பிறகு ஏறாமல் என்ன செய்வது? ஏறினேன். முள்ளைப் பார்க்கப் பயந்து கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் முள்ளைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். இறங்கி மறுபடி ஏறச் சொன்னார்.

போன மாதம் ஆறு மாலையோடு ஐம்பத்தாறு கிலோ. இப்போது வெறுங்கழுத்தோடு ஐம்பத்தேழு. நன்றாகத்தானே சாப்பிடுகிறாய், எங்கேயும் அனுப்பத் தேவையில்லை, பிறகு எதற்கு இந்த வேஷம் என்று கேட்டார்.

மூன்று மாதமாக வயிற்றைக் காயப்போட்டிருக்கிறேன். காற்றைக் குடித்தா எடை ஏறும்? செத்தேன் என்றே நினைத்தேன்.

அத்தை தராசுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தன் மருமகளைப் போல வாயைக் கட்டியவள் இந்தப் பக்கத்திலேயே கிடையாது என்று வழியெல்லாம் பெருமை அடித்துக்கொண்டு வந்தவள், இப்போது தராசிலிருந்து மாலைகளை எடுத்து எது யாருடையது என்று மும்முரமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதில்தான் எனக்குப் புரிந்தது.

“அத்தை, அந்த மருந்துல என்ன போட்டீங்க?”

எலும்புச் சாறு என்றாள். உருக்கின ஆட்டுவால் கொழுப்பும் உண்டு. மரப்பட்டை வெறும் கசப்புக்காகத்தான். முதல் நாளிலிருந்தே அப்படித்தான். களிக்கு உப்புப் போட மறந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

நான் கத்திவிட்டேன். சிலாந்தோய் போன வழியில் என்னையும் அனுப்பப் பார்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். எங்களில் மாமியாரிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

ஒதுங்கப் போன இரண்டு பேரும் அதற்குள் திரும்பி வந்திருந்தார்கள். அத்தை கையில் இருந்ததைக் கீழே வைத்தாள். அவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

“சிலாந்தோயைப் பட்டினி போட்டது நான்தான். முக்குறதுக்குக்கூட அவ உடம்புல தெம்பு இல்ல. அந்தப் பிள்ளை என் ரெண்டு உள்ளங்கையில அடங்கிடுச்சு. பெரிசுன்னு ஊருக்குச் சொன்னதும் நான்தான்.”

நர்ஸ் பேனாவை மூடி மறுபடி திறந்தார்.

நான் அழுதிருக்க வேண்டும். இல்லை, அவளை நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஆனால் இரண்டையும் தள்ளிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து வேறொன்று கிளம்பி வந்தது.

“பசிக்குது அத்தை” என்றேன்.