வாயால் சொல்லாத பெயர்

தன் பெயரின் மேல் உளி இறங்குவதைக் குகதாசன் வாசலில் நின்றபடியே கண்டுவிட்டார். பளபளத்த இரும்பில் ‘குகதா’ வரை வெட்டியாகிவிட்டது. அறுபதைத் தொடப்போகிற மனிதருக்கு இது நல்ல சகுனமாகவா படும்?

“ஐயோ அங்கிள், நீங்கள் வரக்கூடாது!” அனோஜினி உளியைப் போட்டுவிட்டு எழுந்தாள். மோட்டார் சைக்கிள் சாமான்களில் கையாலேயே பூவும் கொடியும் வெட்டிக் கொடுக்கிறவள் அவள். குகதாசனின் சிநேகிதர் லோகனின் மகள். வடக்கு லண்டனில், எட்மண்டனில் உள்ள ஒரு பழைய கராஜ்தான் அவளுடைய பட்டறை.

“உம்மட மெசேஜ் அன்ரியின்ர போனில வந்தது, பிள்ளை. ‘உடனே வந்து பாருங்கோ’ எண்டு. அவ போனை வீட்டில விட்டிட்டுக் கோயிலுக்குப் போட்டா. என்னவோ ஏதோ எண்டு ஓடி வந்தனான்.”

அனோஜினி தலையில் கை வைத்தாள். “அன்ரி என்னைக் கொல்லப் போறா. உங்கட பிறந்தநாளுக்குச் சர்ப்ரைஸ், அங்கிள்.”

குகதாசன் அந்த இரும்புத் துண்டை உற்றுப் பார்த்தார். காலால் உதைத்து மோட்டார் சைக்கிளைக் கிளப்புகிற கிக்கர் அது. மூலையில் ஒரு பழைய புல்லட் போர்வைக்குள் நின்றது. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மோட்டார் சைக்கிள் என்றால் அவருக்கு உயிர். ஆனால் லண்டனுக்கு வந்த நாளிலிருந்து ஆசைப்பட்டதோடு சரி. “கையைக் காலை முறிச்சுக்கொண்டு வந்தால் நான் பாக்கமாட்டன்” என்று மனைவி வசந்தமலர் ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

அதைவிடப் பெரிய குறை ஒன்றும் அவருக்கு இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் வசந்தமலர் அவர் பெயரை ஒருதரம்கூடச் சொன்னதில்லை. எதற்கும் “இஞ்சாருங்கோ”தான். ஆஸ்பத்திரியில் கணவர் பெயரைக் கேட்டாலும் பேனையை வாங்கி எழுதிக் காட்டுவாள். புருசன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று தாய் சொல்லி வளர்த்த பெண். ஒரே ஒரு தரம் தன் பெயரை அவள் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று குகதாசன் கெஞ்சாத கெஞ்சல் இல்லை.

அப்படிப்பட்டவள் வாயால் சொல்லாததை இரும்பில் வெட்டச் சொல்லியிருக்கிறாள்!

“தமிழ் எழுத்துக் கஷ்டமோ, பிள்ளை?” எழுத்தின் மேல் விரலை ஓட்டினார்.

“இல்லை அங்கிள். எல்லாம் வளைவுதானே, கொடி வெட்டுற மாதிரித்தான். ஆனால் உளி சறுக்கினால் அழிக்க ஏலாது.”

“பெட்ரோல் டாங்கில வெட்டியிருந்தால் நாலு பேர் பாத்திருப்பினம்.”

“நானும் சொன்னனான். அன்ரி கேக்கேல்லை. கால் படுற இடத்திலதான் வேணுமாம்.”

வெட்கப்படுகிறாள், ஊர் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறாள் என்று குகதாசனுக்குப் புரிந்தது. “பரவாயில்லை. என்ர பேரில என்ர கால் படுறதில என்ன பாவம்?” என்று சிரித்தபடியே பஸ் ஏறினார்.

அன்று பின்னேரம் வசந்தமலர் வீட்டுக்கு வந்தபோது தலைமயிர் படிந்து போய்க் கிடந்தது.

“ஆர்ச்வே கோயிலில சரியான சனமோ?”

“ஓம், நல்ல நெருக்கம்” என்று அவள் கண்ணாடியைப் பார்க்கப் போனாள். சனிக்கிழமைகளில் இப்போதெல்லாம் இப்படித்தான்.

வேறு நாளென்றால் குகதாசன் அவளைப் பகிடி பண்ணாமல் விட்டிருக்க மாட்டார். கார் டெஸ்டில் மூன்று தரம் கோட்டை விட்டவள் அவள். “உம்மை நம்பி ரோட்டில விட்டால் லண்டனே நிண்டுபோம்” என்று விருந்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பது அவர் வழக்கம். அன்றைக்குப் பகிடியை விழுங்கிவிட்டு, அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். மறுநாளே ஒளித்து ஒரு தோல் ஜாக்கெட்டும் வாங்கினார். அதன் சிப் வயிற்றோடு நின்றுவிட்டது.

பிறந்தநாள் காலை. வசந்தமலர் அவர் கண்ணைப் பொத்தி ஈஸ்ட் ஹாம் வீட்டு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கையை எடுத்தபோது, சிவப்பு புல்லட் வெயிலில் நின்றது. கிக்கரில் கொடி சுற்றிக் ‘குகதாசன்’ என்று அவர் பெயர் மின்னியது.

“வசந்தி!” என்றார். வண்டித் திறப்புக்காகக் கையை நீட்டினார்.

அந்தக் கையில் ஒரு ஹெல்மெட் வந்து விழுந்தது. நிமிர்ந்தால், வசந்தமலர் இன்னொன்றைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு சீட்டில் ஏறிவிட்டாள்.

“பின்னால ஏறுங்கோ.”

“இஞ்சாரும்... உமக்கு லைசன்ஸ்?”

“சனிக்கிழமையில நான் எங்க போறனான் எண்டு நினைச்சனீங்கள்? கார்தான் எனக்குச் சரிவராது.”

அவளுடைய சப்பாத்துக் கால் கிக்கரின் மேல், சரியாகக் ‘குகதாசன்’ மேல் போய் நின்றது. குகதாசன் பதறிப்போனார்.

“ஐயோ, அதில என்ர பேரெல்லே இருக்கு!”

வசந்தமலர் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஓங்கி ஒரு உதை விட்டாள். புல்லட் கிளம்பியது.

“பேரைச் சொல்லக்கூடாது எண்டுதான் அம்மா சொன்னவா, உதைக்கக்கூடாது எண்டு சொல்லேல்லையே!”