ஒத்தை டி-ஷர்ட் சார்

"வந்துட்டார்டி, உன் ஒத்தை டி-ஷர்ட் சார்!"

தோழி குரல் கொடுத்ததுமே அவளுக்குத் தலை விண்ணென்று தெறித்தது. இன்றைக்கென்று பார்த்தா இந்த மனுஷன் வரவேண்டும்!

காலையில்தான் அந்தச் செய்தி வந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஊழியர்களுக்கு எண்ணூறு டி-ஷர்ட், முதுகில் ஆஸ்பத்திரி பேர் அச்சடித்துத் தரவேண்டும். அவளும் விண்ணப்பம் போட்டிருந்தாள். மற்ற கடைக்காரர்களிடமெல்லாம் சாம்பிள் கேட்டு வாங்கி ஒரு வாரம் ஆகிறதாம். அவளிடம் மட்டும் கேட்கவே இல்லை.

கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? கழித்துக்கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

விடுதி அறையில் ஒரு இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டு, கூடப் படிக்கிறவர்களுக்கு டி-ஷர்ட்டில் பேர் ஒட்டிக் கொடுத்ததில் ஆரம்பித்த தொழில் இது. படிப்பு முடிந்ததும் அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வருஷம் தவணை வாங்கினாள். கார் ஷெட்டில், எழுத்தைச் சூடாக்கி அழுத்தித் துணியில் ஒட்டும் ஹீட் பிரஸ் மெஷின் போட்டாள். தவணை இந்த மாசத்தோடு சரி. அதற்குள் நிலையாக ஒரு ஆர்டர் வரவில்லையென்றால் மெஷினை விற்றுவிட்டு, அப்பா பார்த்து வைத்திருக்கும் ஆபீஸ் வேலைக்குப் போய்விடுவதாக வாக்கு.

இந்த நிலைமையில்தான் ஒத்தை டி-ஷர்ட் சார்.

கல்லூரி விழாவில் அவள் கடை போட்டபோது வந்து ஒட்டிக்கொண்டவர். மூணு வருஷமாக, மாசம் தவறாமல் வருவார். வாங்குவது ஒரே ஒரு டி-ஷர்ட். "என்ன எழுதணும் சார்?" என்றால், "எதையாவது போடும்மா, பெருசா போடு" என்பார். அடுத்த மாசம் அதையே தூக்கிக்கொண்டு வந்து குறை சொல்வார். எழுத்து உரியுது, இழுத்தா விரிசல் விடுது, சுடுதண்ணியில சாயம் போகுது என்று ஏதாவது ஒன்று.

அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று இவர்கள் கேட்டதில்லை. குறை சொல்வதுதான் அவருக்கு முழுநேர வேலை என்பது தோழியின் கட்சி.

அவர் பையிலிருந்து டி-ஷர்ட்டை எடுத்து மேஜையில் விரித்தார். "பிரிண்ட் இப்ப பரவாயில்லம்மா. ஆனா இந்தக் கழுத்துப் பட்டையைப் பாரேன், துவைக்கத் துவைக்கத் தொளதொளன்னு..."

அவ்வளவுதான், அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"சார், மூணு வருஷமாச்சு! ஒரு நாளாவது வாயைத் திறந்து நல்லாருக்குன்னு சொல்லியிருக்கீங்களா? நானே கடையை மூடுற நிலைமையில நிக்கிறேன். எங்க சரக்கு பிடிக்கலேன்னா வேற கடைக்குப் போங்களேன். தயவுசெஞ்சு இனிமே இங்க வராதீங்க!"

அவர் டி-ஷர்ட்டை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"சரிம்மா" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, "அந்தக் கழுத்துப் பட்டையை மட்டும் கொஞ்சம் கவனி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"சபாஷ்! இன்னிக்குத்தான் உருப்படியா ஒரு காரியம் பண்ணியிருக்கே" என்றாள் தோழி.

அவளுக்கு என்னவோ சபாஷ் வாங்கிய மாதிரி இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கிய அம்மாள், ஆஸ்பத்திரியின் கொள்முதல் அதிகாரி என்று தன்னைச் சொல்லிக்கொண்டார்.

"எண்ணூறு டி-ஷர்ட். வருஷா வருஷம் உங்களுக்கே தர்றதா முடிவாயிருக்கு. எப்ப ஆரம்பிக்கிறீங்க?"

"மேடம்... எங்ககிட்ட நீங்க சாம்பிளே கேக்கலையே?"

"எதுக்கும்மா கேக்கணும்? உங்க டி-ஷர்ட்தான் மூணு வருஷமா எங்க சலவைக்கூடத்துல வேகுதே! கொதிக்கிற தண்ணி, கிருமிநாசினின்னு எல்லாம் பாத்தாச்சு. மத்தவங்க கொடுத்தது மூணாவது துவைப்புலயே உரிஞ்சிடுச்சு. உங்களோடது இப்பல்லாம் அறுபது துவைப்பு தாண்டியும் எழுத்து அப்படியே நிக்குது."

"எங்களோடது எப்படி மேடம் அங்க?"

"எங்க சலவைக்கூட மேற்பார்வையாளர்தான் வாங்கிட்டு வருவார், ஒண்ணொண்ணா. சொந்தக் கைக்காசுல! 'இந்தப் பொண்ணு சொன்னாத் திருத்திக்கும் மேடம், ஒருநாள் நம்ம ஆர்டரே எடுக்கும் பாருங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பார்."

தோழி வாயைப் பிளந்தாள்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. உரியுது என்று அவர் சொன்னதால்தான் சூட்டையும் நேரத்தையும் கூட்டினாள். விரிசல் என்று சொன்னதால்தான் எழுத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஃபிலிம் தாளை உரித்தபிறகு இன்னொரு தடவை அழுத்தக் கற்றுக்கொண்டாள். இந்தத் தொழிலை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்த மனுஷன்தான். அவர் எதிரில் இருந்தால் காலில் விழுந்திருப்பாள்.

ஆர்டர் போனாலும் போகட்டும், மறைக்க மனசு வரவில்லை.

"மேடம், இன்னிக்கு அவரை நான் வாய்க்கு வந்தபடி பேசி அனுப்பிட்டேன். இனிமே வராதீங்கன்னுகூடச் சொல்லிட்டேன். இனி எங்களுக்காக அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார்."

அதிகாரி புரியாமல் பார்த்தார். கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "அவர் சிபாரிசுக் கடிதம். கடைசி வரியைப் படிங்க."

'எவ்வளவு குறை சொன்னாலும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்ளும் ஒரே கடை இதுதான்.'

"இது... எப்பவோ எழுதினதா இருக்கும் மேடம்."

"இல்லையேம்மா. இன்னிக்கு மத்தியானம், உங்க கடையிலேருந்து நேரா வர்றேன்னு சொல்லி, என் மேஜையில உக்காந்துதானே எழுதினார்!"