பெயர் சொல்ல விரும்பாத பொதுஜனம்

"சொந்த மாமியாருக்குச் சோறு ஊட்ட சர்க்கார் சம்பளமா? நல்லா இருக்கு நியாயம்!"

மூத்த மகன் நாற்காலியை இழுத்துப் போட்டு, கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

கட்டிலில் அவருடைய அம்மா. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து மூன்று வருடம். வாய்தான் கோணல், காது கூர்மை. இளைய மருமகள் அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகுக்குப் பவுடர் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் லாரி ஓட்டப் போனால் வீடு திரும்ப நாலு நாள் ஆகும். தையல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு மாமியாரோடு வீட்டிலேயே இருக்கிறாள். அதற்குத்தான் அரசாங்கம் மாதாமாதம் பராமரிப்புத் தொகை தருகிறது.

அதை நிறுத்தலாமா என்று பார்க்கத்தான் அதிகாரி அம்மாள் இன்று ஃபைலோடு வந்திருந்தார்.

"பெரியவனா பேசறான்? தீபாவளி, பொங்கல் எதுவும் இல்லையே இன்னைக்கு?" என்றார் கட்டிலில் இருந்தவர்.

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்மா. வந்த இடத்துல மேடம் இருந்தாங்க." அவர் அதிகாரி பக்கம் திரும்பினார். "நான் பொதுவாத்தான் சொல்றேன் மேடம். ஏழு பேர் துடுப்புப் போட, மூணு பேர் சாஞ்சு உக்காந்து வந்தா கப்பல் எத்தனை நாள் மிதக்கும்? இலவசமாவே குடுத்துக்கிட்டிருந்தா கஜானா என்னத்துக்கு ஆகும்? உக்காந்து தின்னா மலையும் கரையும்."

"நான் உக்காந்தே மூணு வருஷம் ஆச்சு அத்தான்" என்றாள் மருமகள், திரும்பிப் பார்க்காமலே.

"பார்த்தீங்களா வாயை? சம்பளம் வாங்கற திமிர்!"

அதிகாரி ஃபைலிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"எங்களுக்கு ஒரு மொட்டைக் கடிதாசி வந்துது சார். நீங்க சொன்ன கப்பல், கஜானா எல்லாம் அதுலயும் இருக்கு. கீழே 'பெயர் சொல்ல விரும்பாத பொதுஜனம்'னு போட்டிருக்கு."

"யாரோ விவரமான ஆளு!"

"விவரமான ஆளுதான். நடுவுல ஒரு இடத்துல, 'எங்க அம்மாவைப் பார்த்துக்க இவளுக்கு எதுக்குக் காசு'ன்னு எழுதியிருக்கார்."

மூத்த மகனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. மருமகள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு அதிகாரியின் ஃபைலையே பார்த்தாள். தொகை நின்றால் நாளைக்கே அவள் கம்பெனிக்குப் போயாக வேண்டும். அத்தையை யார் புரட்டுவது?

"சரி சார், உங்க வழிக்கே வர்றேன்" என்றார் அதிகாரி. "சொந்த அம்மாவைப் பார்த்துக்கறது சொந்தப் பிள்ளைங்க கடமை. இதுக்கு அரசாங்கம் எதுக்கு? தொகையை இன்னையோட நிறுத்திடறேன்."

"அப்படிப் போடுங்க!"

"நிறுத்தினா, விதிப்படி பிள்ளைங்க முறை வச்சுப் பார்க்கணும். மூணு வருஷம் இளையவர் வீட்டுல ஆச்சு. இனி மூணு வருஷம் மூத்தவர் வீட்டுல. ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா மத்தியானமே வண்டி வந்துரும்."

கால் மேல் இருந்த கால் இறங்கியது.

"எங்க வீடு மூணாவது மாடி மேடம்."

"தூக்க ஆள் இருக்கு சார்."

"என் சம்சாரத்துக்கு இடுப்பு வலி..."

"நீங்க இருக்கீங்களே. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டணும், துணி மாத்தணும். சும்மா இருக்கிற வேலைதான்."

"ராத்திரியுமா?"

"படுக்கைப் புண்ணு நேரம் பார்த்தா வருது?"

கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கூட்டிட்டுப் போறியாடா பெரியவனே?"

முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. மூத்த மகன் மின்விசிறியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அம்மாவை மட்டும் பார்க்கவில்லை.

"மேடம், நான் சொன்னதை நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க" என்று ஆரம்பித்தார். "இந்த மாதிரித் திட்டம் இருக்கிறதுதான் ஒரு நாட்டுக்கே அழகு. வயசானவங்களை அரசாங்கம் பார்க்காம வேற யார் பார்ப்பா?"

"கஜானா சார்?"

"கஜானா எதுக்கு இருக்கு? பூட்டி வச்சு அழகு பார்க்கவா?"

"கப்பல்?"

"அது பாட்டுக்குப் போகும் மேடம்! என்னைக் கேட்டா, இந்தப் பொண்ணுக்கு நீங்க குடுக்கறது பத்தவே பத்தாது. ராப்பகலா உழைக்குது. கூட்டிக் குடுங்க. நான் வேணா எழுதித் தர்றேன்."

எழுதியே கொடுத்தார். 'எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை, தொகையை உயர்த்தவும் வேண்டுகிறேன்' என்று, இந்தத் தடவை முழுப் பெயரும் முகவரியும் போட்டு. பிறகு படியில் இறங்கிய வேகத்தில் செருப்பை மாட்டினாரா, கையில் எடுத்துக்கொண்டாரா தெரியவில்லை.

அதிகாரி அந்தக் காகிதத்தை ஃபைலில் வைத்தார். "தொகை தொடரும்மா" என்று எழுந்தார்.

மருமகள் வாசல்வரை பின்னாலேயே வந்தாள். முகத்தில் இன்னும் பயம் போகவில்லை.

"மேடம், என்னைக்காவது அந்த விதியைக் காட்டி அத்தையை நிஜமாவே தூக்கிட்டுப் போயிருவீங்களா? அவங்க வேற கை பட்டா சாப்பிட மாட்டாங்க."

அதிகாரி செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தணித்தார்.

"அப்படி ஒரு விதியே கிடையாதும்மா. இதுவரைக்கும் பதினோரு வீட்டுல சொல்லிட்டேன். அது எந்தச் சட்டத்துல இருக்குன்னு ஒரு பிள்ளைகூட நின்னு கேட்டதில்ல!"