முதுகில் எடுத்த நீர்

“எறா மீனு மாதிரி சுருண்டு படும்மா. முட்டி ரெண்டும் நெஞ்ச தொடணும்” என்றாள் நர்ஸ்.

தனக்கொடி ஒருக்களித்துச் சுருண்டாள். நாற்பது வருஷம் நாற்று நட்டு வளைந்த முதுகு, இன்றைக்கு வளைய மாட்டேன் என்றது. முதுகுத்தண்டில் ஊசி குத்தினால் கால் ரெண்டும் போய்விடும் என்று அவள் ஊரான சோரியாங்குப்பத்தில் பாதிப் பேர் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“பயமா இருந்தா வேணாம்மா. எழுந்துரு, வூட்டுக்குப் போலாம்” என்றாள் மகள் கல்பனா.

“குத்தட்டும்டி. இன்ன நோவுன்னு ஒரு பேர வச்சிட்டா எல்லாருக்கும் நிம்மதி.”

ஊசி இறங்கியது. தனக்கொடி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முதுகுத்தண்டு நீர் சொட்டுச் சொட்டாகக் குப்பியில் விழுந்தது. ஊற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது.

ஆறு மாதமாக இந்தத் தொல்லை. தனக்கொடியின் புருஷன் குழந்தைவேல், நிலக்காரர் தெய்வசிகாமணியின் ஆறு காணி நிலத்துக்குத் தண்ணீர் கட்டுகிற ஆள். மோட்டார் கொட்டகையை ஒட்டிய ஓட்டு வீடு அந்த ஆளுக்கென்று விட்டது. வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு.

முதலில், மோட்டார் விடிய விடிய ஓடி நாற்றங்கால் முழுகிப் போனது. “நான் நிறுத்துறேன்னு சொல்லிட்டு மறந்துட்டேங்க” என்று தனக்கொடி நிலக்காரர் வாசலில் போய் நின்றாள். அடுத்து, போட்ட வயலிலேயே மறுபடி யூரியா விழுந்து பயிர் கருகியது. “இன்னும் போடலன்னு நான்தான் அவருகிட்ட சொன்னேங்க” என்று அதற்கும் போய் நின்றாள்.

தெய்வசிகாமணிக்குக் கோபம் வந்தது. “உன் புருஷன் இருக்கற தைரியத்துலதான் நெலத்த விட்டுட்டு நான் கெடக்கறேன். நீ இனிமே வயப்பக்கமே வராத. மொதல்ல டாக்டரப் போய்ப் பாரு.”

பாகூரில் வாழ்க்கைப்பட்ட கல்பனாதான் அம்மாவைப் புதுச்சேரிக்கு அழைத்து வந்தாள். மறதியைச் சோதிக்க டாக்டரம்மா கடிகாரம் வரையச் சொன்னபோது, தனக்கொடி போட்ட வட்டம் மூடவே இல்லை. அது நோயா, பென்சிலே பிடிக்காத கையா என்று சொல்ல முடியவில்லை. ஸ்கேனிலும் தீர்மானமாக ஒன்றும் தெரியவில்லை.

“மூளையச் சுத்தி இருக்கிற நீர்தான் முதுகுத்தண்டு வரைக்கும் வருது. அதுல சில புரதங்களோட அளவப் பாத்தா, மறதி நோயா வேற எதாவதான்னு கண்டுபிடிக்க உதவும்” என்றார் டாக்டரம்மா.

“நோய்தான்னா மருந்து இருக்குதாங்க?” என்று கேட்டாள் தனக்கொடி.

“போன ஞாபகம் திரும்பி வராதும்மா. கொஞ்சம் தள்ளிப்போட முடியும். அவ்வளவுதான்.”

அன்று பஸ்ஸில் கல்பனா பாகூர் வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள்.

ஊசி குத்தி மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. கேட்டுக்கொள்ள மூன்று பேரும் போனார்கள். கூட்டம் நிரம்பி வழிந்தது.

“அடியே, உனக்கு என் பேராவது ஞாபகம் இருக்குதா?” என்று குழந்தைவேல் கேலி செய்தான்.

“அத மறந்திருந்தா எப்பவோ நிம்மதியா இருந்திருப்பேன். போய்யா.”

கல்பனாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “டோக்கன எங்கியோ வச்சிட்டேன். நம்ப நம்பர் இன்னாப்பா?”

குழந்தைவேல் சட்டைப் பையைத் தடவினான்.

“முப்பத்தேழு” என்றாள் தனக்கொடி.

உள்ளே டாக்டரம்மா காகிதத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “அளவெல்லாம் சரியா இருக்கு. நாங்க சந்தேகப்பட்ட மறதி நோய் இவங்களுக்கு இருக்கற மாதிரி தெரியல.”

கல்பனா கையெடுத்துக் கும்பிட்டாள். அழுகையும் சிரிப்புமாக அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“நான் அப்பவே சொன்னேன், கேட்டீங்களா? கல்லு மாதிரி பொம்பள இவ” என்றான் குழந்தைவேல். “இருங்க, டீ வாங்கியாறேன்” என்று வெளியே போனான்.

தனக்கொடி மட்டும் அசையவில்லை. தலையில் இடி விழுந்தவள் மாதிரி அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா பாத்தீங்களா டாக்டரம்மா? மாறிப் போயிருக்கும். இன்னொரு வாட்டி வேணா குத்துங்க.”

“மாறலம்மா. மறுபடி குத்தவும் தேவையில்ல.”

“அப்டின்னா, இருக்குதுன்னே ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. நெலக்காரர்கிட்ட காட்டணும்.”

“உனக்கு இன்னாம்மா ஆச்சு?” என்று கல்பனா கத்தினாள். “அவங்க ஒண்ணுமில்லன்றாங்க, நீ இருக்குதுன்னு எழுதச் சொல்ற!”

தனக்கொடி கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு ஒண்ணுமில்லன்னா, உங்கப்பன் மறக்கறதெல்லாம் இனிமே யாரு மேலடி போடுவேன்?”